புகைக்குள் பறக்கிற தேனீ

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா, உன் அம்மா, தொலைபேசியில் உன் படிப்பைப் பற்றிக் கேட்டபோது நான் பிடிகொடுத்துக் கதைக்கவில்லை. நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மேற்படிப்புக்குத் தேனீயும் கிருமிநாசினியும் என்ற தலைப்பை எடுக்க விருப்பம், ஆனால் அதை வெளிநாட்டில்தான் செய்யலாம் என்று அறிவியல் நகரில் உன்னோடு படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பு நல்லது, விடாதே. ஆனால் எங்கள் தேனீயை வைத்து, எங்கள் நாட்டில் அடிக்கிற மருந்தை வைத்துச் செய். வெளிநாடு போவதானால் அந்தக் கேள்வியை இங்கிருந்து கொண்டுபோ. அங்கே போய், அவர்கள் கன காலமாகத் தங்கள் தேனீயைப் பற்றிக் கேட்டுவரும் கேள்வியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

நீ வாசித்த கட்டுரைகளை இன்னொரு தரம் எடுத்துப் பார். அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது ஏபிஸ் மெலிஃபெரா என்ற ஐரோப்பியத் தேனீ. 1990களில் பிரான்சில் சூரியகாந்திப் பூவுக்குப் போன தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பவில்லை என்று தேன் வளர்ப்பவர்கள் குரல் எழுப்பினார்கள். 1999இல் அந்தப் பயிருக்கு இமிடாகுளோபிரிட் என்ற மருந்தின் விதைப் பூச்சு நிறுத்தப்பட்டது. 2012இல் ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சிக் குழு தேனீயின் முதுகில் மின்னணுச் சில்லு ஒட்டி, தயாமெதொக்ஸாம் சிறிதளவு குடித்த தேனீக்களில் பல வழி தவறிப் போவதைச் சயன்ஸ் இதழில் எழுதியது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த இரண்டும் அடங்கிய மூன்று நியோனிக்கொட்டினாய்ட் மருந்துகளைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்த வெளியில் அடிக்கக் கூடாது என்று நிறுத்தியது. பெரிய வேலைதான். ஆனால் அது அவர்களுடைய பயிர், அவர்களுடைய காலநிலை, அவர்களுடைய தேனீ.

மருந்தின் நச்சைச் சொல்ல எல்லாரும் ஒரே எண்ணைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்: பாதித் தேனீக்களைக் கொல்லும் அளவு. இமிடாகுளோபிரிட்டுக்கு அது வாய்வழியாக ஒரு தேனீக்கு 3.7 நனோகிராம் என்று ஐரோப்பிய மதிப்பீட்டில் இருக்கிறது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு துகள்தான் ஒரு நனோகிராம். அந்த எண் எப்படி வந்தது? ஓ.ஈ.சி.டி. அமைப்பு 1998இல் வெளியிட்ட 213ஆம், 214ஆம் இலக்க வழிகாட்டிகளின்படி, மெலிஃபெராவின் வேலையாள் தேனீக்களைச் சிறு கூண்டுகளில் அடைத்து, மருந்தைச் சீனிப்பாகில் கலந்து கொடுத்தோ, நெஞ்சில் ஒரு துளி வைத்தோ, 48 மணித்தியாலம் எண்ணிக்கொண்டிருந்து எடுத்த எண் அது. மெலிஃபெரா எங்கள் காட்டிலோ வளவிலோ வாழ்கிற தேனீ இல்லை.

எங்களிடம் இருப்பது வேறு. மரப்பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக வதை கட்டுகிற அடுக்குத் தேனீ, அதுதான் ஏபிஸ் செரானா. சிகிரியாக் குன்றில் சுற்றுலாப் பயணிகளைக் கலைத்துக் கலைத்துக் குத்துகிற மலைத்தேனீ. வறண்ட பக்கத்துப் பற்றைகளில் ஒரு கொப்பைச் சுற்றி உள்ளங்கை அளவு வதை கட்டுகிற கொம்புத்தேனீ. இவற்றோடு கொடுக்கே இல்லாத கொசுத்தேனீ. தனித்து வாழும் தேனீக்களையும் சேர்த்தால் இந்தத் தீவில் 140க்கு மேற்பட்ட இனங்கள். கொசுத்தேனீயின் நீளம் 4 மில்லிமீற்றர் அளவு. மெலிஃபெரா அதைப்போல மூன்று மடங்கு நீளம். ஒன்றுக்குப் பாதுகாப்பான அளவு மற்றதற்கும் பாதுகாப்பு என்று எந்தக் கணக்கில் சொல்லலாம்?

உடம்பின் அளவு மட்டும் இல்லை, வீடும் வித்தியாசம். மெலிஃபெரா பெட்டிக்குள் இருக்கும், வாசலை மூடலாம். மருந்து அடிக்கிற அன்று சாக்கைப் போட்டு மூடுங்கள் என்று வளர்ப்பவனுக்குச் சொல்லலாம். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் ஒற்றை வதையைத் திறந்த வெளியில் தொங்கவிடுகின்றன. தேனீக்களின் உடம்புதான் அந்த வதைக்குக் கூரையும் சுவரும். அடிக்கிற மருந்து நேரே உடம்பில் படும்.

பின்னேரத்தில் மருந்து அடியுங்கள், தேனீ கூட்டுக்குத் திரும்பிவிடும் என்று விவசாயிக்குச் சொல்கிற புத்திமதி உனக்குத் தெரியும். அதையும் நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். 1976இல் கொனிகர் என்ற ஜேர்மன் ஆராய்ச்சியாளரும் விஜயகுணசேகரவும் இந்த நாட்டிலேயே இருந்து, மூன்று ஆசியத் தேனீக்களின் ஆண் தேனீக்கள் எந்த நேரத்தில் பறக்கின்றன என்று பார்த்து எழுதினார்கள். கொம்புத்தேனீயின் ஆண்கள் மத்தியானம் 12 மணியிலிருந்து இரண்டரை மணிக்குள். செரானாவின் ஆண்கள் பின்னேரம் நாலே காலிலிருந்து ஐந்தே காலுக்குள். மலைத்தேனீயின் ஆண்கள் 6 மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள், இருள் கவிகிற நேரத்தில். மூன்று இனமும் ஒரே வானத்தை நேரம் பிரித்துப் பாவிக்கின்றன. இராணி கூட்டுக்கு வெளியே வந்து ஆண்களோடு சேர்வதும் அதே நேரத்தில்தான். போதாததற்கு, மலைத்தேனீ நிலவு இரவில் பூவுக்கும் போகும். பின்னேரம் பாதுகாப்பு என்ற புத்திமதி எந்தத் தேனீக்கு? என்னைக் கேட்டால், உன் ஆராய்ச்சியின் முதுகெலும்பு இந்த ஒரு தாளில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வாசி.

இங்கேதான் கொழும்பு வருகிறது. தேனீ என்றால் வன்னிக் காடும் பண்டாரவளை மலையும்தான் என்று நீ நினைக்கலாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு முருங்கை நிற்கிறது. இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே, காலி வீதியின் இரைச்சல் கேட்கிற தூரத்தில். விடிந்தும் விடியாததுமாகச் செரானாக்கள் அதில் வந்து மொய்க்கும். கூடு பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், குளிரூட்டிக்காகத் துளைத்துப் பிறகு அடைக்காமல் விட்ட ஓட்டையில். நான் படிப்பித்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டுக்குப் போவேன். அங்கே முன்வாசல் சுவர் வெடிப்பில் கொசுத்தேனீ. கறுத்த பிசினால் செய்த ஒரு சின்னக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாயில் நாலைந்து காவல்காரர் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இரவில் அந்தக் குழல் வாயை மெல்லிய பிசின் வலையால் மூடிவிடுவார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா சாமியறைப் பக்கத்துச் சுவர் என்று சொல்லி வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுத்தான் அடிக்கச் சொல்லுவா.

டெங்கு கூடினால் எங்கள் ஒழுங்கைக்குப் புகை மிஷின் வரும். விடியவோ, பின்னேரம் ஐந்து மணியை ஒட்டியோ வரும், ஏனென்றால் ஈடிஸ் நுளம்பு கடிக்கிற நேரம் அது. அந்தப் புகையில் இருப்பது பெரும்பாலும் பைரத்திராயிட் வகை மருந்து, நரம்புக் கலத்தின் சோடியம் வாயிலைத் திறந்தபடி பிடித்துவைப்பது. நுளம்பின் நரம்பும் தேனீயின் நரம்பும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியப் புகை அடித்துவிட்டுப் போன பிறகு நான் கீழே இறங்கிப் போனேன். முருங்கையின் கீழே, சீமெந்துத் தரையில், தேனீக்கள் முதுகு நிலத்தில் பட வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒரு கடதாசியில் ஏந்திக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நாக்கு முழு நீளத்துக்கு வெளியே தள்ளியிருந்தது, உள்ளே இழுக்கவில்லை. பின்னங்கால் கூடையில் பூந்தூள் உருண்டை அப்படியே இருந்தது. பூவில் வேலை செய்துகொண்டிருந்தபோதே பட்டிருக்கிறது.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. 2017இல் இந்த நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 400க்கு மேற்பட்டோர் செத்தார்கள். கூடப் பாதிக்கப்பட்டது மேல் மாகாணம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயில் பிள்ளைகளைக் கிடத்தியிருந்ததை நான் கண்டேன். புகை அடிக்க வேண்டாம் என்று அந்தத் தாய்மாரிடம் போய் யார் சொல்லுவது? நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நேரத்தில், எந்த மருந்தை, பூத்த மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அடித்தால் நுளம்பும் சாகும், தேனீயும் தப்பும் என்று கேட்கலாம். அதற்கு எண் வேண்டும். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற குடம்பியைத் தொடாது. அதனால் புகை அடிப்பது குறைந்தபட்சமாக, தேவையான இடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினரே சொல்வதுண்டு. உன் எண்கள் அவர்களுக்கும் உதவும்.

நுளம்பு மருந்தால் தேனீ சாவது கற்பனை இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினாவில், 2016 ஓகஸ்ட் 28 ஞாயிற்றுக்கிழமை காலை, சிக்கா நோய்க்குப் பயந்து விமானத்திலிருந்து நாலெட் என்ற மருந்தைத் தூவினார்கள். சமர்வில் பக்கத்தில் ஒரே ஒரு பண்ணையில் மட்டும் 46 கூடுகள் போயின, 25 இலட்சம் அளவில் தேனீக்கள். அங்கே அது செய்தியாக உலகம் முழுதும் வந்தது, ஏனென்றால் அந்தத் தேனீக்களுக்குச் சொந்தக்காரர் இருந்தார். சுவர் ஓட்டைத் தேனீக்கு யார் சொந்தக்காரர்?

சாகிறதை எண்ணுவது சுலபம். சாகாமல் கெட்டுப்போகிறதை அளப்பதுதான் உண்மையான ஆராய்ச்சி. ஸ்விற்சர்லாந்தில் பேர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2016இல் காட்டியதைப் பார்: கூட்டுக்குள் வந்த பூந்தூளில் இரண்டு நியோனிக்கொட்டினாய்ட் சிறிதளவு இருந்தால், ஆண் தேனீயின் உயிருள்ள விந்து 39 சதவீதம் குறைகிறது. ஆண் தேனீ பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பறக்கும். கூடு அடுத்த வருடம்தான் மெலியும். செரானாவின் ஆண் பறக்கிற நாலே காலுக்கும் ஐந்தே காலுக்கும் நடுவே எங்கள் ஒழுங்கையில் புகை நிற்கிற நாட்களை இதோடு சேர்த்து நினை. அதைக் கேட்டுப் பார், அதுவே ஒரு முதுதத்துவமாணிக்குக் காணும்.

காசு இல்லை, கருவி இல்லை என்று உன் கூட்டாளிகள் சொல்லுவார்கள். தேனீயின் ஞாபகத்தை அளக்கிற முறைக்கு என்ன தேவை என்று கேள். தேனீயை ஐஸில் கொஞ்ச நேரம் வைத்தால் அது அசையாமல் போகும். ஒரு ஸ்ட்ரோவை விரல் நீளத்துக்கு வெட்டி, அதற்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு துண்டு டேப்பால் பிடித்துவிடு. விழித்தெழுந்த பிறகு உணர்கொம்பில் சீனித்தண்ணீர் தொட்டால் நாக்கை நீட்டும். ஒரு வாசனையைக் காட்டிச் சீனித்தண்ணீரைக் கொடு. சில தரம் இப்படிச் செய்தபின் வாசனை வந்தாலே நாக்கு நீளும். மருந்து பட்ட தேனீ வாசனையை மறந்துவிடும், அல்லது மணக்கவே மணக்காது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்யலாம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பார்த்திப பாசுவின் குழு, மருந்து கூட அடிக்கிற வயல்களில் வாழும் செரானாவையும் மருந்து குறைந்த இடத்துச் செரானாவையும் ஒப்பிட்டு, முதலாவதற்கு மணக்கும் திறன் குறைந்திருப்பதை 2015இல் எழுதியது. சீனாவில் யுனான் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் 2014இல், இமிடாகுளோபிரிட் குடித்த செரானா, பூவில் பதுங்கியிருக்கும் குளவிக்குப் பயப்படாமல் போய் உட்காருவதைக் காட்டினார்கள். எங்கள் தேனீ வாழும் நாடுகளிலேயே செய்த வேலைகள் இவை. பெங்களூரில் கீதா திம்மேகவுடா தன் நகரத்துத் தெருக்களிலேயே மலைத்தேனீக்களைப் பிடித்துக் காற்று மாசைப் படித்தார். 2020இல் வந்த அந்தக் கட்டுரையில், மாசு கூடிய இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணித்தியாலத்துக்குள் செத்தன என்று இருக்கிறது. அவ செய்ததற்கு நகரமே ஆய்வுகூடம்.

மருந்தின் எச்சத்தை அளக்கத்தான் விலைகூடிய இயந்திரம் வேண்டும். அதற்குத்தான் வெளிநாட்டைப் பாவி. இங்கே பதிவு செய்து, இடையில் ஒரு வருடம் அங்கே போய் வேலை செய்துவிட்டு வருகிற விதமான புலமைப்பரிசில்கள் பொதுநலவாய அமைப்பிலும் ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி.யிலும் உண்டு. பட்டமும் கேள்வியும் இங்கே இருக்கும், அளப்பது அங்கே நடக்கும். உயிரின மாதிரிகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கு அனுமதி எடுக்க வேண்டும், அதை முதல் மாதமே விசாரி. இங்கே பதிவு செய்வதற்குப் பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவகம் இருக்கிறது, 1975இலிருந்து. உன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உயர்பட்டப் பீடம் இருக்கிறது. உதவிப்பணத்துக்கு மெயிற்லண்ட் பிளேசில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தைப் பார். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், விண்ணப்பத் தாள் வேண்டுமென்றால் நானே போய் வாங்கி வருகிறேன்.

தேனீ வளர்ப்பைக் கையால் பழக, பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. அந்த ஊரின் பெயரைக் கேட்டால் அக்காவுக்கும் எனக்கும் 2000 ஒக்டோபர் 25தான் நினைவுக்கு வரும். தடுப்பில் இருந்த எங்கள் பொடியன்கள் அங்கே கொல்லப்பட்ட நாள். அக்கா போகாதே என்று சொன்னால் அதன் காரணம் உனக்கு விளங்க வேண்டும். ஆனாலும் போ என்றுதான் நான் சொல்லுவேன். செரானாவைப் பெட்டியில் வைத்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. சிங்களம் கொஞ்சம் திருத்திக்கொண்டு போ.

இவ்வளவு படித்து இங்கே என்ன மாறப்போகிறது என்று கேட்டிருந்தாய். மாறியிருக்கிறது, பிள்ளை. 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் செத்தார்கள். கூடுதலானவர்கள் கிருமிநாசினி குடித்தவர்கள். எந்த மருந்து குடித்தவர் பிழைக்கிறார், எந்த மருந்து குடித்தவர் பிழைப்பதில்லை என்று ஆஸ்பத்திரிகளில் கணக்கு எடுத்தார்கள். மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் 1995இல் நிறுத்தப்பட்டன, எண்டோசல்பான் 1998இல். பத்து வருடத்தில் அந்த எண் பாதியானது. வயலில் விளைச்சல் விழவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது, நம்பக்கூடிய எண் முன்னால் வந்தபோது அவர்கள் நிறுத்தினார்கள். எண் இல்லாமல் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் கண்டோம்: 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாகத் தடுத்து, நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் கெட்டது விவசாயி.

தேனீக்காக யாராவது அப்படி எண் கொண்டுபோய்ப் பதிவாளரின் மேசையில் வைக்க வேண்டும். செரானாவுக்கு எவ்வளவு, கொசுத்தேனீக்கு எவ்வளவு, புகை அடித்த பிறகு எத்தனை மணித்தியாலத்துக்குப் பூவில் நஞ்சு நிற்கிறது. ஊரில் வெங்காய விதை எடுக்கிறவரும் பூசணி, பாகல் போடுகிறவரும் தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது என்று உனக்கே சொல்லுவார்கள். மிளகாயில் வெள்ளை ஈக்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் மருந்து அடிக்கிறவரும் அதே ஆள்தான். அவரைப் பயமுறுத்தாமல் அவரோடு கதைக்கத் தெரிந்த பிள்ளை நீ. வெளியிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளருக்கு அந்த வசதி கிடையாது.

அக்காவின் கவலை காசும் காலமும். உதவிப்பணம் கொஞ்சம்தான், அதை மறைக்க மாட்டேன். இரண்டு வருடம் நீ கொழும்பிலும் பேராதனையிலும் மாறி மாறி இருக்க வேண்டி வரும். கொழும்பில் இருக்கும் நாட்களுக்கு என் வீட்டு முன்னறை இருக்கிறது, வாடகை பற்றி வாயே திறக்காதே. அக்காவோடு நான் கதைக்கிறேன். குத்து வாங்கினால் உனக்கு உடம்பு தடிக்குமா என்று ஒரு தரம் வைத்தியரிடம் காட்டிக்கொண்டு வா, மலைத்தேனீ விளையாட்டில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரே ஒரு பக்கத்தில் உன் கேள்வியை எழுது: எந்தத் தேனீ, எந்த மருந்து, எந்த நேரம், எதை அளக்கப் போகிறாய். தேனீயின் பெருமையைப் பற்றி ஒரு வசனமும் வேண்டாம், அது மேற்பார்வையாளருக்குத் தெரியும். இந்தக் கிழமை முடிவதற்குள் எனக்கு அனுப்பு, நான் திருத்தித் திரும்ப அனுப்புகிறேன். அடுத்த கிழமை அது பேராதனைக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
சின்னம்மா